டிசம்பரில் காலி செய்துவிட்டு ஜனவரியில் திரும்பி வரச் சொல்கிறார் வீட்டுக்காரர்

இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"வணக்கம் அக்கா. எங்களுக்குச் சொந்த ஊர் காரைக்கால். பத்து வருடம் பாரிஸ் பக்கம் லா கூர்நேவில் இருந்துவிட்டு, இந்த ஜனவரி 20-ஆம் தேதி இங்கே சேன்-லேவில் குடியேறினோம். கணவருக்குச் சேன்-ஜில்லில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. நான் வயதானவர்கள் வீட்டுக்குப் போய் உதவி செய்கிறேன். இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள். கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கட்டில் மேசையோடு ஒரு சின்ன வீடு. வாடகை 780 யூரோ, கோசியோன், அதாவது முன்பணம், இரண்டு மாதம், 1560 கொடுத்தோம். வீட்டுக்காரர் 90 நாளைக்கு ஒரு முறை புதுத் தாள் கொண்டுவந்து கையெழுத்து வாங்குகிறார். மூன்று முறை போட்டாயிற்று. நான்காவது தாள் அக்டோபரில். போன வாரம் போனில் மெசேஜ் அனுப்பினார்: 'டிசம்பர் 15-லிருந்து ஜனவரி 15 வரை டூரிஸ்ட்டுக்கு விட்டிருக்கிறேன், பிள்ளைகளுக்குப் பள்ளி லீவுதானே, சாமான்களை எடுத்துக்கொண்டு எங்காவது இருங்கள், பிறகு திரும்பி வாருங்கள்.' இது முறையா அக்கா? படுக்கையறைச் சுவரில் கறுப்புப் பூசணம் வந்திருக்கிறது, ஏ.சி. வெளிப்பெட்டி துருப்பிடித்துவிட்டது, இரண்டையும் கோசியோனில் கழிப்பேன் என்கிறார். காஃப் என்கிற குடும்ப நல அலுவலகம் தரும் வாடகை உதவித்தொகையும் இந்தத் தாளுக்குக் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். சண்டை போடப் பயமாக இருக்கிறது, சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பேசாமல் மேலே மலைப்பக்கம் வீடு பார்த்துப் போய்விடலாமா?"

தங்கச்சி, முதலில் இதைக் கேளுங்கள். டிசம்பர் 15-ஆம் தேதி நீங்கள் எங்கும் போக வேண்டாம். சாமான் கட்ட வேண்டாம், சாவியைக் கொடுக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், இரண்டு பேரும் உட்கார்ந்து படியுங்கள்.

உங்களிடம் கையெழுத்து வாங்கிய தாளுக்கு இங்கே 'லொக்காசியோன் செஸோனியேர்' என்று பெயர், சீசன் வாடகை. வேறு எங்கோ சொந்தமாகக் குடியிருக்கிற ஒருவர் விடுமுறைக்கு வந்து தங்கிவிட்டுப் போவதற்கான ஏற்பாடு அது. ஒரே ஆளுக்குத் தொடர்ந்து 90 நாளுக்கு மேல் அப்படி விடக்கூடாது, அதனால்தான் 90-க்கு ஒரு தாள், 90-க்கு ஒரு தாள் என்று போட்டுக்கொண்டே வருகிறார். மேற்குக் கரை முழுக்க, சேன்-போல் தொடங்கி எத்தான்-சலே வரைக்கும், இந்தப் பழக்கத்தை நான் வருடா வருடம் பார்க்கிறேன். டிசம்பர், ஜனவரியில் ஒரு வாரத்துக்கு டூரிஸ்ட்டிடம் வாங்குவதைக் குடித்தனக்காரரிடம் ஒரு மாதத்துக்கும் வாங்க முடியாது. ஆனால் மீதிப் பத்து பதினொரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கவும் கூடாது. ஆக, சீசன் இல்லாதபோது நீங்கள், சீசனில் அவர்கள்.

சட்டம் இதை வேறு மாதிரி பார்க்கிறது. ஒருவர் ஒரு வீட்டில் வருடத்துக்கு எட்டு மாதமாவது இருந்தால் அது அவருடைய 'ரெசிதான்ஸ் பிரான்சிபால்', முதன்மைக் குடியிருப்பு. அப்படிப்பட்ட வீட்டுக்கு 1989 ஜூலை 6-ஆம் தேதிச் சட்டம் பொருந்தும், பாரிஸில் பொருந்துவது போலவே இங்கேயும். கட்டில் மேசையோடு விடும் வீடென்றால் ஒப்பந்தம் குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் தானாகவே நீளும். வீட்டுக்காரர் உங்களை எழுப்ப வேண்டுமானால் அந்த வருடம் முடிவதற்கு மூன்று மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், அதுவும் காரணத்தோடு: விற்கிறேன், நானோ என் நெருங்கிய உறவோ குடிவருகிறோம், அல்லது நீங்கள் வாடகை கொடுக்காதது போன்ற கனமான காரணம். டூரிஸ்ட் வருகிறார் என்பது காரணமே இல்லை. நீங்கள் போக வேண்டுமானால் எப்போது வேண்டுமானாலும் ஒரு மாத நோட்டீஸ் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை.

தாளின் தலையில் அவர் என்ன பெயர் எழுதினார் என்பது கடைசி வார்த்தை இல்லை. நீங்கள் அங்கே எப்படி வாழ்கிறீர்கள் என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார், பார்த்து அந்தத் தாளை ஒரு வருட ஒப்பந்தமாக மாற்றிச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. உங்கள் கணக்கில் அந்த வருடம் போன ஜனவரி 20-இல் ஆரம்பிக்கிறது.

சரி, ஒரு பலவீனமும் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்றாவது தாளின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. 'குடியிருப்பவரின் முதன்மைக் குடியிருப்பு லா கூர்நேவில் உள்ளது' என்று எழுதி, உங்கள் பழைய விலாசத்தையும் போட்டிருக்கிறார். அதற்குக் கீழே உங்கள் கணவரின் கையெழுத்து. வழக்கு என்று வந்தால் அவருடைய வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வரியைத்தான். 'வேறு வீடு இருக்கிறது என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள், என் கட்சிக்காரருக்கு வேறென்ன தெரியும்' என்பார்.

இங்கேதான் அவர் அனுப்பிய மெசேஜ் வருகிறது. இன்னொரு முறை அதைப் படித்துப் பாருங்கள். 'பிள்ளைகளுக்குப் பள்ளி லீவுதானே.' இந்தத் தீவில் பள்ளி ஆகஸ்ட் நடுவில் திறந்து, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரைக்கும் பெரிய லீவு. பாரிஸ் பிள்ளைகளுக்கு அப்போது இரண்டு வாரம்தான். அப்படியானால் ஒரு மாதம் லீவு என்று அவர் சொல்வது எந்தப் பள்ளியை? இந்த ஊர்ப் பள்ளியை. உங்கள் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், நீங்கள் இங்கேதான் குடியிருக்கிறீர்கள் என்று தனக்குத் தெரியும் என்பதை அவரே தன் கையால் எழுதித் தந்திருக்கிறார். 'பிறகு திரும்பி வாருங்கள்' என்பதும் அப்படித்தான், விடுமுறைக்கு வந்தவரிடம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். உங்கள் கையில் இருப்பதிலேயே பெரிய ஆதாரம் அதுதான். தேதியும் அவருடைய எண்ணும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள். போன் தொலைந்தால் அதுவும் போய்விடும்.

கூடவே, பள்ளிச் சேர்க்கைச் சான்று, சேன்-லே விலாசம் போட்ட சம்பளச் சீட்டுகள், வரி அலுவலகத்துக்கு விலாசம் மாற்றிய கடிதம், மின்சாரம் உங்கள் பேரில் இருந்தால் அந்த பில், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்ட டாக்டர் தந்த காகிதம், எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். லா கூர்நேவ் வீட்டைக் காலி செய்தபோது கொடுத்த நோட்டீஸோ, சாவி ஒப்படைத்த தாளோ இருந்தால் அது தங்கம். அங்கே இப்போது உங்களுக்கு வீடு இல்லை என்பதை அது ஒன்றே காட்டிவிடும்.

ஒரு மாதம்தானே, அனுசரித்துப் போவோம் என்று உங்கள் கணவர் நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு மாதம்தான் ஆபத்து. நீங்கள் சாமானோடு வெளியே வந்து சாவியைக் கொடுத்த நிமிடமே, தாங்களாகவே காலி செய்தார்கள் என்று அவர் சொல்லலாம். ஜனவரி 16-ஆம் தேதி திரும்பி வரும்போது கதவில் வேறு பூட்டு இருந்தால் என்ன செய்வீர்கள்? 'திரும்பி வாருங்கள்' என்பது ஒரு வாய்வார்த்தை. போன வருடம் என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு இப்படித்தான் நடந்தது. டூரிஸ்ட் இன்னும் ஒரு மாதம் நீட்டித்துவிட்டார் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அவர்கள் மார்ச் வரைக்கும் மச்சினர் வீட்டு ஹாலில் படுத்திருந்தார்கள்.

அந்தத் தேதிகளையும் பாருங்கள். டிசம்பர் 15, ஜனவரி 15. இங்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் புயல் காலம். பெலால் புயல் இந்தத் தீவைத் தாக்கியது 2024 ஜனவரி 15. அன்றைக்கு ஊதா எச்சரிக்கை போட்டார்கள், அப்படியென்றால் மீட்புப் படையினர் உட்பட யாரும் வெளியே வரக்கூடாது. அதற்கு அடுத்த வருடம் பிப்ரவரி 28-இல் காரான்ஸ் புயல். நீங்கள் இங்கே வந்து இன்னும் ஒரு புயல் காலம் முழுதாகப் பார்க்கவில்லை. சிவப்பு எச்சரிக்கை வந்தால் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்துகிடக்க வேண்டும் என்பது உத்தரவு. அந்த நேரத்தில் இரண்டு பிள்ளைகளையும் ஏழெட்டுப் பைகளையும் வைத்துக்கொண்டு யார் வீட்டில், எந்தக் கூரைக்குக் கீழே இருப்பீர்கள்? வீடு என்பது இந்தத் தீவில் முதலில் அதற்குத்தான். எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வருகிறது, அதை மறைக்கவில்லை.

அவர் கோபப்பட்டுப் பூட்டை மாற்றினால்? மின்சாரத்தை வெட்டினால்? நீதிமன்ற உத்தரவு இல்லாமல், மிரட்டியோ பலவந்தமாகவோ குடியிருப்பவரை வெளியேற்றுவது பிரான்ஸில் குற்றம்: மூன்று வருடம் வரை சிறை, 30,000 யூரோ வரை அபராதம். ஜாந்தார்மெரிக்கு, அதாவது போலீஸுக்கு, போய்ப் புகார் கொடுக்கலாம். அந்த அளவுக்குப் போகாது என்று நினைக்கிறேன், ஆனால் தெரிந்திருந்தால் இரவில் தூக்கம் வரும். உங்கள் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: வாடகையை ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள். கோபத்தில் வாடகையை நிறுத்தி, நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் வழக்கில் தோற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கையில் பணமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். கித்தான்ஸ், அதாவது வாடகை ரசீது, கேட்டால் இலவசமாகத் தந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு மாதமும் கேளுங்கள்.

அடுத்து கோசியோன். இந்த வார்த்தையிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நாம் எல்லாரும் முன்பணத்தைக் கோசியோன் என்கிறோம், வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்கிறார். ஆனால் சட்டத்தில் கோசியோன் என்றால் ஜாமீன் நிற்கிற ஆள். நீங்கள் கொடுத்த 1560 யூரோவுக்குப் பெயர் 'தெப்போ தெ கரான்தி'. கடிதம் எழுதும்போது இந்தப் பெயரையே எழுதுங்கள். கட்டில் மேசையோடு விடும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகை வரை வாங்கலாம், அதனால் தொகையில் தவறில்லை. நீங்கள் போகும்போது, வந்த அன்று இருந்த நிலையிலேயே வீடு இருந்தால் சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள் அதை அவர் திருப்பித் தர வேண்டும். ஏதாவது கழிக்கிறார் என்றால் இரண்டு மாதம், கழிப்பதற்கு பில்லோ மதிப்பீட்டுத் தாளோ காட்ட வேண்டும். தாமதமானால் தொடங்குகிற ஒவ்வொரு மாதத்துக்கும் மாத வாடகையில் பத்து சதவீதம் கூடுதலாகக் கேட்கலாம், உங்கள் கணக்கில் மாதம் 78 யூரோ.

ஆனால் உங்களுக்கு 'எத்தா தெ லியூ' போடவே இல்லையே. வீட்டுக்குள் நுழையும்போது இருவரும் சேர்ந்து அறை அறையாகப் பார்த்து எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுகிற தாள் அது. அது இல்லாவிட்டால், வீட்டை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், அதாவது பூசணமும் துருவும் உங்கள் தலையில் விழலாம். என் சொந்த அனுபவமே இருக்கிறது. 2011-இல் புதுச்சேரியிலிருந்து வந்து எத்தான்-சலேவில் முதல் வீடு எடுத்தபோது, வீட்டுக்காரர் நல்ல மனிதர், காபி கொடுத்தார், 'நமக்குள்ளே எதற்குத் தாள்' என்றார், நானும் சரி என்றேன். வெளியே வரும்போது ஜன்னல் கீல்கள் எல்லாம் துருப்பிடித்துவிட்டன என்று 600 யூரோ பிடித்துக்கொண்டார். நான் வந்த அன்றே அந்தக் கீல்கள் செங்கல் நிறத்தில் உதிர்ந்துகொண்டிருந்தன, விரலால் தொட்டால் பொடி ஒட்டும், ஒரு ஜன்னலைச் சாத்தவே முடியாமல் கயிறு கட்டி வைத்திருந்தேன். நிரூபிக்க என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

நீங்கள் இப்போதும் செய்யலாம். எத்தா தெ லியூ போட வாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டும் அவர் மறுத்தால், வீடு நல்ல நிலையில் இருந்தது என்ற அந்த வாதத்தை அவர் பயன்படுத்த முடியாது. படமும் எடுத்து வையுங்கள். வெறும் துருவை மட்டும் எடுத்தால் எந்த ஜன்னல் என்று யாருக்கும் தெரியாது. முதலில் வாசலில் நின்று முழு அறை, பிறகு அந்த ஜன்னல், பிறகு கீலுக்குப் பக்கத்தில் ஒரு யூரோ நாணயத்தை வைத்துக் கிட்டத்தில் ஒன்று. ஏ.சி. பெட்டியின் பக்கவாட்டில் தயாரித்த வருடம் எழுதிய ஒட்டுச்சீட்டு இருக்கும், அதை எடுங்கள். பத்து பன்னிரண்டு வருடம் உப்புக்காற்றில் நின்ற பெட்டி துருப்பிடித்ததற்கு எட்டு மாதம் குடியிருந்தவர் பொறுப்பில்லை. காலத்தால் வருகிற தேய்மானத்துக்கு 'வெத்துஸ்தே' என்று பெயர், அது வீட்டுக்காரர் செலவு. கடற்கரையிலிருந்து இரண்டு தெருவில் இரும்பை வைத்தால் என்னாகும் என்று சேன்-லேவில் பிறந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் பங்கு ஃபில்டரைக் கழுவுவது. அதை மாதத்துக்கு ஒரு முறை செய்யுங்கள்.

பூசணம் கொஞ்சம் சிக்கல். இரண்டு வகை உண்டு. பீரோவுக்குப் பின்னால், மூலையில், துணி காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக வந்தால், அது அறைக்குள் இருக்கிற ஈரம் சுவரில் படிவதால் வருவது. அதில் உங்கள் பொறுப்பும் உண்டு. நம் வீட்டில் சோறு வடிக்கும்போது வருகிற ஆவி சாதாரணமில்லை, ஜன்னலைத் திறந்துவைத்துச் சமையுங்கள், துணியை வராந்தாவிலோ வெளியிலோ காயப்போடுங்கள், பீரோவைச் சுவரிலிருந்து ஒரு கை அளவு தள்ளி வையுங்கள். ஆனால் மேலே தளத்தை ஒட்டியோ ஜன்னலின் மேல் மூலையிலிருந்தோ கறை தொடங்கிக் கீழே இறங்கினால், மழை பெய்த மறுநாள் அது கருத்துப் பெருத்தால், சுண்ணாம்பு உப்பி உதிர்ந்தால், வெளியிலிருந்து தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். அது கட்டடத்தின் கோளாறு. நீங்கள் அனுப்பிய படத்தில் கறை ஜன்னல் மேலிருந்துதான் இறங்குகிறது, என் கண்ணுக்கு இரண்டாவது வகையாகத் தெரிகிறது. பென்சிலால் கறையின் ஓரத்தைச் சுற்றி மெல்லக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், அடுத்த மழைக்குப் பிறகு இன்னொரு கோடு. மூன்று கோடு விழுந்தால் யாரும் வாதாட முடியாது. ஈரம் இறங்காத வீட்டைத் தருவது வீட்டுக்காரரின் கடமை, தகுதியான வீடு என்பதற்கான 2002 ஜனவரி 30 ஆணையில் அது இருக்கிறது. எழுத்தில் கேட்டு இரண்டு மாதத்துக்குள் பதில் இல்லாவிட்டால் மாவட்டச் சமரசக் குழுவிடம் போகலாம், செலவில்லை. அவராக வண்ணம் அடித்து மறைக்க ஆள் அனுப்பினால், அதற்கு முன்னால் படம் எடுத்துவிடுங்கள்.

காஃப் விஷயத்தில் அவர்கள் சொன்னது சரிதான். சீசன் வாடகைக்கு உதவித்தொகை கிடையாது, முதன்மைக் குடியிருப்புக்குத்தான். ஒழுங்கான ஒப்பந்தம் கையில் வந்த அன்றே விண்ணப்பம் போடுங்கள், பழைய மாதங்களுக்குப் பொதுவாகத் தரமாட்டார்கள். இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. குடித்தனக்காரர் எடுத்தே ஆக வேண்டும், ஆனால் மலிவானதில் வீட்டுக்கு நீங்கள் ஏற்படுத்தும் சேதம் மட்டும்தான் அடங்கும், உங்கள் ஃபிரிட்ஜும் துணிமணியும் அடங்காது. உங்கள் சாமான்களுக்கும் சேர்த்து எடுங்கள். புயல் பற்றிய பக்கத்தை முழுதாகப் படியுங்கள். கடல்கடந்த மாவட்டங்களில் காற்று பத்து நிமிட சராசரியில் மணிக்கு 145 கிலோமீட்டரோ, வீச்சில் 215-ஓ தொட்டால்தான் அது இயற்கைப் பேரிடர் கணக்கில் வரும். அதற்குக் குறைந்த புயலுக்கு உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். நவம்பருக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

மலைப்பக்கம் போவதைப் பற்றி. மேலே 'லே ஓ' பகுதியில் வாடகை குறையலாம், இரவில் குளிர்ச்சி, துரு இல்லை. ஆனால் உங்கள் கணவருக்கு ஹோட்டல் சமையலறை இரவு பதினொரு மணிக்கு முடிகிறது, கார் இல்லை. கடற்கரைச் சாலையில் ஓடும் கார் ஜோன் பேருந்தே மாலைக்கு மேல் குறைந்துவிடும், மேட்டுக்கு அந்த நேரத்தில் கேட்கவே வேண்டாம். ஸ்கூட்டரில் மழையில் அந்த வளைவுகளில் ஏறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளுக்கு நடந்து போகிற தூரத்தில் பள்ளி, உங்களுக்கு நடந்து போகிற தூரத்தில் வேலை வீடுகள். விருப்பப்பட்டுப் போனால் போங்கள், பித்தோன் பக்கம் நல்ல ஊர்தான். ஒருவர் மெசேஜ் அனுப்பினார் என்பதற்காகப் போகாதீர்கள்.

இனி உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன். சட்டம் பேசினால் ஊரில் பெயர் கெட்டுவிடும், நாளைக்கு வேறு யாரும் வீடு தரமாட்டார்கள். இந்தப் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். சின்ன ஊரில் காலையில் மீன் வாங்குகிற இடத்தில் பேசுவது மத்தியானம் ரொட்டிக் கடைக்கு வந்துவிடும். ஆனால் பெயர் எதனால் கெடுகிறது என்று பாருங்கள். தெருவில் நின்று கத்தினால் கெடும், வாடகை பாக்கி வைத்தால் கெடும். மரியாதையாக ஒரு கடிதம் எழுதியவரை யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டுக்காரரும் இதை வெளியே பேச விரும்ப மாட்டார், ஏனென்றால் அவர் செய்வது என்ன என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும்.

அதனால் முதலில் நேரில் பேசுங்கள், கணவரும் கூட இருக்கட்டும், அன்று மாலையே பேசியதை மெசேஜில் எழுதி அனுப்புங்கள். பிறகு ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபால். அதில் வழக்கு, நீதிமன்றம் என்ற வார்த்தைகள் வேண்டாம். எழுத வேண்டியது இவ்வளவுதான்: "ஜனவரி 20 முதல் குடும்பத்தோடு இந்த வீட்டில் குடியிருக்கிறோம், இது உங்களுக்குத் தெரியும், பிள்ளைகள் இந்த ஊர்ப் பள்ளியில் படிக்கிறார்கள். இது எங்கள் முதன்மைக் குடியிருப்பு என்பதால் 1989 ஜூலை 6 சட்டப்படி ஒரு வருட ஒப்பந்தம் எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். டிசம்பரிலும் ஜனவரியிலும் வீட்டிலேயே இருப்போம், வாடகை வழக்கம்போல வந்துவிடும். எத்தா தெ லியூ போடுவதற்கும் படுக்கையறைச் சுவரைப் பார்ப்பதற்கும் உங்களுக்கு வசதியான நாளைச் சொல்லுங்கள்." பிரெஞ்சில் எழுத உங்கள் பெரிய பிள்ளைக்கு வேலை கொடுக்காதீர்கள், இந்தக் கவலை பன்னிரண்டு வயதுக்கு வேண்டாம். வீட்டு விஷயங்களுக்கான மாவட்டத் தகவல் அமைப்பு ஒன்று இருக்கிறது, 'அதில்' (ADIL) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அங்கே சட்டம் படித்தவர்கள் இலவசமாக உட்கார்ந்து பார்த்துத் தருவார்கள். கையில் இருக்கிற மூன்று தாள்களையும் மெசேஜையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒத்துவரவில்லை என்றால் நீதிச் சமரசர் இருக்கிறார், அவர் எந்த நாளில் வருகிறார் என்று மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், கேட்டால் சொல்வார்கள், அவருக்கும் காசு கிடையாது. அதற்கும் மேலே வாடகை வழக்குகளைப் பார்க்கிற நீதிபதியிடம் போக வேண்டி வந்தால்கூட வக்கீல் கட்டாயமில்லை. மூன்று வருடம் வரை கேட்க உரிமை உண்டு, ஆனால் டிசம்பர் அதுவரை காத்திருக்காது.

கடைசியாக அந்த நான்காவது தாள். அவர் அக்டோபர் நடுவில் கொண்டுவருவார், வழக்கம்போல வாசலில் நின்றுகொண்டே பேனாவை நீட்டுவார், அவசரம் என்பார். உட்காரச் சொல்லுங்கள், டீ கொடுங்கள். தாளை வாங்கி மேசை மேல் வையுங்கள். லா கூர்நேவ் விலாசம் போட்ட வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அவர் முன்னாலேயே அதன்மேல் விரல் வைத்து, 'முசியே, இது சரியில்லையே, நாங்கள் இங்கேதானே இருக்கிறோம்' என்று கேளுங்கள். படித்துவிட்டுத் தருகிறோம் என்று சொல்லி அனுப்புங்கள், கையெழுத்துப் போடாதீர்கள். அவர் தெருமுனை திரும்பியதும் தாளின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.